நாற்பத்தைந்து மீற்றர்

மூன்றாவது தடவையும் அவள் அனுப்பிய கேள்வியை முடிந்ததென்று மூடிவிட்டிருந்தார்கள். வியாழக்கிழமை காலை கணினியைத் திறந்ததும் கஜானி முதலில் பார்த்தது அதைத்தான். "மாற்றம் தேவையில்லை" என்று ஒரு வரி. யார் பார்த்தார்கள், எதைப் பார்த்து அப்படி முடிவெடுத்தார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை. முதல் தடவை மூடியபோது, தான் விளங்காமல் எழுதிவிட்டோமோ என்று நினைத்துத் திருத்தி எழுதினாள். இரண்டாம் தடவை படத்தையும் இணைத்து, பார்க்க வேண்டிய இடத்தைச் சிவப்பால் வட்டமிட்டும் அனுப்பினாள். மூன்றாம் தடவை ஒரு வசனம் மட்டும் எழுதினாள்: படத்தில் 8361, அட்டவணையில் 8316. இதற்கு மேல் எப்படித்தான் சொல்வது?

புளியங்கூடலில் தாயோடு இருக்கும் வீட்டின் முன்னறையில், அலுமாரிக்கும் ஜன்னலுக்கும் இடையில் போட்ட மேசையில்தான் அவளுக்கு வேலை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் நிறுவனம் வாரத்தில் ஒரு நாள் வந்தால் போதும் என்று சொல்லியிருந்தது. கடல் கடந்த ஒரு பெருநகரத்தில் நிலத்துக்கடியில் ஓடும் ரயில் பாதை ஒன்றின் சிக்னல்களை மாற்றுகிறார்கள். சிவப்பையும் பச்சையையும் பார்த்து ஓட்டுநர்கள் ஓட்டிய பழைய பாதை. இனி ரயிலே தான் நிற்கும் இடத்தை அறிந்து, முன்னால் போகும் ரயிலுக்கு எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்த்து ஓடும். மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக வருவது ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்றாக வரும். அதற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவே மஞ்சள் பெட்டிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். ரயில் ஒவ்வொரு பெட்டியைத் தாண்டும்போதும் தான் எங்கே நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளும். கடைசி ரயில் போனதற்கும் முதல் ரயில் வருவதற்கும் இடைப்பட்ட சில மணி நேரத்தில் ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கி, பெட்டி பெட்டியாக அளந்து, படம் எடுத்து அனுப்பினார்கள். அந்தப் படங்களையும் அட்டவணையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் கஜானியின் வேலை. ஊர்ப்பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

வாழ்க்கையில் ஒரு தடவையும் நிலத்துக்கடியில் போகாதவள் அவள். ஆனால் பதினான்கு மாதமாக அந்தப் பாதையிலேயே நடந்துகொண்டிருந்தாள். எந்த நிலையத்துக்குப் பிறகு சுரங்கம் வளைகிறது, எங்கே சுவரில் தண்ணீர் கசிகிறது என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். படம் எடுப்பவர்களில் ஒருவரைக்கூட அவளுக்கு அடையாளம் தெரிந்திருந்தது. பெருவிரல் கிழிந்த கையுறையோடு, அளவுக் கருவியைப் பெட்டிக்குப் பக்கத்தில் நேராக வைத்து எடுக்கிற ஆள். நானூற்றுப் பதினேழாவது பெட்டியை அவர் இரண்டு தரம் எடுத்திருந்தார். இரண்டிலும் கருவி காட்டிய தூரம் 8361 மீற்றர். யாரோ ஒருவர் அதை அட்டவணையில் அடிக்கும்போது இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. பெட்டி இருப்பது நாற்பத்தைந்து மீற்றர் முன்னால். அங்கே வந்த ரயில் தான் இன்னும் பின்னால்தான் நிற்பதாக நினைக்கும். முன்னால் இன்னொரு ரயில் நின்றால், பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது.

பதினொரு மணிக்கு ஜெகதீஸ் போன் எடுத்தார். அவளுடைய குழுவுக்குப் பொறுப்பானவர், கெட்ட மனிதர் இல்லை. ஒரே கேள்வியை மூன்று தரம் அனுப்பியதால் அந்த நகரத்து அலுவலகத்திலிருந்து தனக்கு முறைப்பாடு வந்திருக்கிறது என்று தொடங்கினார். அட்டவணை பூட்டியாயிற்றாம். சனியும் ஞாயிறும் பாதையை மூடிப் புதிய சிக்னலுக்கு மாற்றுகிறார்கள், திங்கள் காலை மக்கள் ஏறப்போகிறார்கள், இந்த நேரத்தில் ஒரு இலக்கத்தை மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் முதலில் இருந்து சோதிக்க வேண்டும் என்றார்.

"நீர் சொல்லுறது பிழையெண்டு நான் சொல்லேல்லை கஜானி. எங்களுக்குப் பிறகு இன்னும் மூண்டு இடத்தில பாக்கினம். சோதனை ரெயினும் ஓடிப் பாத்திட்டினம்."

"அது மெதுவா ஓடினதோ, முழு வேகத்தில ஓடினதோ அண்ணை?"

"அது எங்கட வேலையில்லை," என்றார் ஜெகதீஸ்.

அவர் வைத்த பிறகும் அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பின்னால் வருகிறவர் பார்ப்பார் என்று இவர் நினைக்கிறார். முன்னால் ஒருவர் பார்த்திருப்பார் என்று பின்னால் வருகிறவர் நினைப்பார். ஒன்றும் நடக்காமலும் போகலாம். அடுத்த பெட்டி வந்ததும் ரயில் குழம்பித் தானாகவே நின்றுவிடலாம். அதுகூட அவளுக்கு நிச்சயமில்லை. நிச்சயமில்லாத ஒன்றுக்காக இவ்வளவு எரிச்சல் வருவதுதான் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது.

மத்தியானம் லவன் எடுத்தான். அவளுடைய தம்பி, அந்த நகரத்தில் ஆறு வருடமாக இருக்கிறான். அங்கே காலையில் வேலைக்குப் போகும் வழியில், ரயிலுக்கு நிற்கும்போது தாயோடு பேசுவான். அவன் தினமும் ஏறும் அந்தப் பாதையில்தான் தனக்கு வேலை என்று அவள் அவனுக்குச் சொன்னதில்லை. தாய் இராசமணி குசினியிலிருந்து மீன் வெட்டிய கையோடு வந்து, போனை மேசையில் சாய்த்து வைக்கச் சொன்னார். சிக்னல் பழுதாம், பதினைந்து நிமிடமாக நிற்கிறானாம். கிழமைக்கு இரண்டு நாள் இப்படித்தான் என்று திட்டினான். பிறகு, திங்கட்கிழமையிலிருந்து எல்லாம் புதிது, இனி நிற்கவே தேவையில்லை என்று மேடை முழுக்க ஒட்டியிருக்கிறார்கள் என்றான்.

"திங்கக்கிழமை பஸ்ஸில போ," என்றாள் கஜானி.

"ஏனக்கா?"

"சும்மா. முதல் நாள் சனமாயிருக்கும்."

"பஸ்ஸில போனா ஒரு மணித்தியாலம் பிந்தும். நீங்கள் இஞ்ச வந்து பாத்தாத்தான் விளங்கும்," என்று சிரித்தான் அவன். ரயில் வந்துவிட்டது. அவன் மட்டுமா ஏறப்போகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. ஒருத்தனுக்குச் சொல்லி என்ன?

வரைபடங்களின் மூலையில் அங்கேயுள்ள பொறியியலாளர் ஒருவரின் மின்னஞ்சலும், வேலைத்தளத்தின் தொலைபேசி இலக்கமும் இருந்தன. நேரடியாகத் தொடர்புகொள்ளக் கூடாது என்பது விதி. அவள் மின்னஞ்சல் எழுதி முடித்தபோது கரண்ட் போயிற்று, அதோடு இணையமும் போயிற்று. போனில் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து மறைந்தது. எங்கே போகிறாய் என்று தாய் கேட்கக் கேட்க ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேலணையைக் கடந்து பண்ணைப் பாலத்துக்குப் போனாள். கடலுக்கு நடுவே, யாழ்ப்பாணத்துப் போன் கோபுரங்கள் தெரியும் இடத்தில் நிறுத்தி, போனில் திரும்பவும் எழுதி அனுப்பினாள். உடனே பதில் வந்தது. பொறியியலாளர் செவ்வாய் வரை விடுமுறையில் இருக்கிறார், அவசரமென்றால் பின்வரும் முகவரிக்கு எழுதவும். அந்த முகவரியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று தடவையும் அவளுடைய கேள்வியை மூடிய அதே முகவரி.

தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தாள். ஒரு பெண் பெயர் கேட்டாள், நிறுவனம் கேட்டாள், பணியாளர் இலக்கம் கேட்டாள். பிறகு காத்திருக்கச் சொல்லிச் சங்கீதம் போட்டார்கள். காற்று ஹெல்மெட்டைப் பாலச் சுவரில் உருட்டியது. பஸ்கள் போகும்போதெல்லாம் ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவள் அந்தச் சங்கீதத்தைக் கேட்டாள். தொடர்பு அறுந்தது. திரும்ப எடுத்தாள், திரும்பவும் பெயர், திரும்பவும் நிறுவனம். கடைசியில் களைத்த குரலில் ஒரு ஆண் வந்தார். அவள் பாடமாக்கி வைத்திருந்ததை ஆங்கிலத்தில் சொன்னாள். பெட்டி இலக்கத்தைத் திரும்பக் கேட்டார். அளவுகளைத் திரும்பக் கேட்டார். எங்கேயிருந்து பேசுகிறாய் என்றார். அவள் யாழ்ப்பாணம் என்றாள். அவர் அதை விளங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. சரி, நன்றி என்று வைத்துவிட்டார். எழுதிக்கொண்டாரா என்று அவள் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க, ஏன் கேட்கவில்லை என்று தன்னையே ஏசிக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை கணினி அவளுடைய கடவுச்சொல்லை ஏற்கவில்லை. ஜெகதீஸ் எடுத்து, விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார். விதியை மீறினதுக்கு நான் என்ன செய்ய ஏலும் என்று மனவருத்தத்தோடுதான் கேட்டார். அட்டவணையில் அந்த இலக்கம் மாறியிருக்கிறதா, அதை மட்டும் திறந்து பாருங்கள் என்று அவள் கேட்டாள்.

"அதைப் பாக்கிறதுக்கு எனக்கும் இப்ப அனுமதியில்லை," என்றார் அவர்.

சனியும் ஞாயிறும் அவள் வீட்டைக் கூட்டினாள், அலுமாரியை அடுக்கினாள், தாயோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தாள். வேலை போய்விடுமோ என்று தாய் கேட்டபோது தெரியாது என்றாள். பிழை உன்னுடையதோ என்று கேட்டபோது அதற்கும் தெரியாது என்றாள்.

திங்கட்கிழமை மத்தியானம் வழக்கமான நேரத்துக்கு லவன் எடுத்தான். பஸ்ஸில் போகவில்லை. புதிய ரயில் வந்து நிற்பதைத் தாய்க்குக் காட்டினான், உள்ளே ஏறினான், பாருங்கோ அம்மா, எவ்வளவு கெதியா வந்தது என்றான். அவனுக்குப் பின்னால் தோளோடு தோளாகச் சனம். கதவு மூடியது. அவன் ஏறும் நிலையத்திலிருந்து நானூற்றுப் பதினேழாவது பெட்டிக்கு இரண்டு நிலையங்களும் ஒரு வளைவும் இருந்தன.

ரயில் சுரங்கத்துக்குள் போனதும் குரல் விட்டு விட்டு வந்து நின்றது. அவனுடைய முகம் வாய் பாதி திறந்தபடி திரையில் உறைந்தது. இராசமணி போனைத் தட்டிப் பார்த்தார். பிறகு முற்றத்துக்கு இறங்கி, கிணற்றுக்கட்டில் ஏறி நின்று, மகனின் முகத்தைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வெயிலில் சிக்னல் தேடிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்.