இரண்டாவது பொத்தான்

1

இந்தக் கதை என் தொப்பையிலிருந்து பிறந்தது. இறுகிப்போன பேன்ட்டைப் பிரித்துவிடச் சொல்லி ஒரு தையல்காரியிடம் கொடுத்தேன். "உங்களுக்குப் பிரிச்சு விடுறேன் சார். என் பொண்ணுக்குதான் எல்லாத்தையும் பிடிச்சுப் பிடிச்சுத் தைக்கிறேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு வீடுவரை கூடவே வந்தது. மீதியெல்லாம் நான் கட்டியது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'அந்தச் சின்னஞ்சிறு இதயத்தில் ஒரு துளை, அதன் வழியே நிலவொளி—'

(அடித்துவிட்டேன். அதன் வழியே போவது இரத்தம்தான்.)

தையல்காரியிடம் டாக்டர் சொல்வதே போதும்: "சின்ன ஓட்டைதாம்மா. தானா மூடிக்க வாய்ப்பு இருக்கு. ஆனா எடை ஏறணும். இந்த மாசமும் ஏறலைன்னா மேற்கொண்டு என்ன செய்யலாம்னு பேசணும்."

குழந்தை ஆசையாகத்தான் பால் குடிக்கும். பாதியிலேயே களைத்துத் தூங்கிவிடும்.

3

தையல்காரிக்கு ஒரு தங்கை வேண்டும். (நிஜத்தில் இருக்கிறாளா, கேட்கவில்லை.) தங்கையின் மகன் தையல்காரியின் மகளைவிட இரண்டு மாதம் இளையவன். ஆனாலும் அவனுக்குச் சிறிதாகிப்போன சட்டைகள்தான் இவளுக்கு வருகின்றன.

"அக்கா, இதுக்குள்ள இவன் நுழையவே மாட்டேங்கறான். பாப்பாவுக்கு வெச்சுக்கோ."

தங்கையைப் பொல்லாதவளாக்கி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. பையைக் கொடுக்கும்போது அவள் அக்காவின் முகத்தைப் பார்ப்பதில்லை.

தையல்காரி ஒவ்வொரு சட்டையையும் பக்கவாட்டில் பிடித்துத் தைப்பாள். மிச்சத் துணியை வெட்ட மாட்டாள், உள்ளேயே மடித்துவிடுவாள். ஒரு சட்டை, ஒரே ஒரு சட்டையாவது தன் மகளுக்குப் பத்தாமல் போகாதா என்று ஏங்கினாள்.

4

நாளை எடை பார்க்க வேண்டும். நீலச் சட்டையை மாட்டுகிறாள். இரண்டாவது பொத்தான் காஜாவை எட்டவில்லை.

"என்னங்க! இங்க வாங்களேன்! பாப்பாவுக்குச் சட்டை பத்தலைங்க!"

கணவன் ஓடி வந்து பார்க்கிறான். அவன் முகம் வாடுகிறது.

"அது... கறை போகலைன்னு நேத்து நான்தான் கொதிக்கிற தண்ணில ஊறப்போட்டேன்."

(இவனைப் பொய் சொல்ல வைத்திருக்கலாம். அவனுக்குப் பொய் வராது. எனக்கு வரும், ஒரே வரியில் அரைக் கிலோ ஏற்றிவிடுவேன். ஆனால் அது குழந்தை குடித்த பால் ஆகாதே.)

அளவு நாடா அவள் கழுத்தில்தான் தொங்குகிறது. மகளின் பழைய மார்பளவு அவளுக்கு மனப்பாடம். ஒரு சுற்றுச் சுற்றினால் தெரிந்துவிடும், சட்டை சுருங்கியதா, பிள்ளை வளர்ந்தாளா என்று.

அவள் நாடாவைக் கழற்றிச் சுருட்டி இழுப்பறைக்குள் வைத்து மூடுகிறாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பக்கவாட்டுத் தையலைப் பிரிக்கத் தொடங்குகிறாள். ஒவ்வொரு நூலாக, அவசரமே இல்லாமல்.

இழுப்பறைக்குப் பூட்டு கிடையாது. வேண்டுமானால் நீங்கள் திறந்துகொள்ளுங்கள். நான் திறக்க மாட்டேன். அவள் இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.