பௌர்ணமிச் சோறு

புளியோதரைக்குக் கடுகு வெடித்ததுமே உள்ளே ஆராயி ஓங்கரித்தாள். வாசலில் அண்டாவுக்கு முன்னால் நின்ற காசிக்குக் கரண்டி பிடித்த கை ஓடவில்லை. வாந்தியை நிறுத்தும் மாத்திரையை அவள் நாக்கில் வைத்துக் கரையவிட்டு, அரைமணி காத்திருந்து, அப்புறம்தான் கஞ்சி கொடுத்திருந்தான். நேற்றிலிருந்து எதுவுமே தங்காத வயிற்றில் நாலு வாய் இறங்கியிருந்தது. அதுவும் போச்சு.

தாளிப்பு வாசனை அவள் பக்கமே வரக்கூடாது என்று வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் தமிழ்செல்வி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் மனைவி ஆராயிக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே, "அவ ஒரு பிடி சோறு தின்னட்டும், பௌர்ணமிக்குப் பௌர்ணமி என் வாசல்லயே ஆக்கிப் போடறேன்" என்று அண்ணாமலையாரிடம் நேர்ந்துகொண்டவன் காசிதானே. வேறு இடத்தில் ஆக்கலாம்தான். சாமிக்குச் சொன்னதை மாற்றப்போய் அவளுக்கே ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயத்தில் அடுப்பைத் தெருப்பக்கம் நாலடி தள்ளி வைத்ததோடு சரி.

தமிழ்செல்விக்குப் போன் போட்டான்.

"கிரிவலத்துக்கு ரோட்ட அடைச்சிட்டாங்கண்ணா, வண்டி வராது. காலையில மொதல்ல உங்க வீட்டுக்குத்தான். இன்னொரு மாத்திரை நாக்குல வைங்க. அதுக்கும் நிக்கலன்னா ஊசிதான்."

சோற்றைக் கிளறிப் பரிமாறத் தொடங்கியதும், வரிசையில் நின்ற ஒரு அம்மாள் தொன்னையை வாங்கிக்கொண்டு, "உங்க குடும்பத்துக்கு ஒரு கொறையும் வராதுங்க" என்றாள். காசிக்கு அழுகை முட்டியது. கரண்டியைப் பக்கத்து வீட்டு தசரதனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

ஆராயி மடியில் பேசினோடு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"கிட்ட வராதீங்க. உங்க மேல பூரா அந்த வாசன."

சட்டையைக் கழற்றி எறிந்து, சோப்புப் போட்டுத் தோள்வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தான். நிலைப்படியைத் தாண்டியதுமே அவள் முந்தானையால் மூக்கை மூடினாள்.

"நிறுத்திடச் சொல்லட்டா?"

"ஐயோ, வாணாம். ஜனங்க பசியோட வந்துகீறாங்க."

மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தான். தன் மூச்சுக்காற்றுகூட அவள்மேல் படாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டினான். அவள் கை பாதி தூரம் வந்தது. அதற்குள் குமட்டவே திரும்பிப் போய்ப் பேசினைப் பிடித்துக்கொண்டது. நீட்டிய கையை மடக்கவும் மனமில்லாமல், கிட்டே போகவும் முடியாமல் நின்றான். ஈரமான உள்ளங்கையில் மாத்திரை கரையத் தொடங்கியிருந்தது.