கோட்டுக்கு அந்தப் பக்கம்

“தண்ணி ஊத்துனது யாரு?”

“ஆஸியா பீவி, சாமி. ஆஸ்பத்திரி ஆயா.”

“சாய்பு வீட்டுப் பொம்பளையா?”

“ஆமா சாமி. முன்ன கன்னியர் மடத்து மருந்தகத்துல வேலை பாத்தவங்க. மதருங்க செய்யிறத நெறைய வாட்டி பாத்திருக்காங்க. புள்ளைக்கு மூச்சு இழுக்குதுன்னதும் பிதா சுதன் எல்லாம் சரியாச் சொல்லித்தான் தலையில ஊத்தியிருக்காங்க.”

“அதுக்குப் பேரு ஞானஸ்நானம் இல்ல தம்பி. குளிப்பாட்டுறது.”

ஆறு வருஷத்துக்கு முந்தைய பேச்சு இது. ஆனாலும் முகச்சவரம் செய்யும்போது, அரசலாற்றுப் பாலத்தில் சைக்கிளை மிதிக்கும்போது, ஆபீசில் எஸ்டிமேட் போடும்போது என்று நினைத்த நேரத்தில் வந்து தைரியநாதனின் காதில் உட்கார்ந்துகொள்ளும். பெரிய சாமியார் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பான். அவர் கோபப்படவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, பல்லிடுக்கில் மாட்டியிருந்த கறித்துணுக்கை ஈர்க்குச்சியால் நிமிண்டிக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டுக் குச்சியின் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொழுதுகூட முழுதாக உலகத்தில் இருக்காத அவன் பிள்ளை ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துண்டுக்குள் கிடந்தது. அவருக்குக் கறித்துணுக்குதான் கவலை.

இதில் பெரிய வேடிக்கை வேறு உண்டு. சிறுவயதில் ஞானோபதேசப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவன் தைரியநாதன். ஆயர் ஆண்டகைக்கு முன்னால் கை கட்டி நின்று, அவசர வேளையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்கவேண்டியதில்லை என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான். அதைப் பிரம்பால் அடித்து அவனுக்கு மனப்பாடம் செய்யவைத்தவர் இதே பெரிய சாமியார்தான். அடித்தவருக்கு மறந்துவிட்டது, அடிபட்டவனுக்கு நினைவிருந்தது. அன்றைக்குச் சாமியார் தங்கும் அறைவீட்டு வாசலில் நின்றபோது அந்தப் பாடத்தை எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. தான் கற்பித்ததையே நம்பாத ஆளிடம் என்ன வாதாடுவது? அவனுக்குள் ஏதோ ஒன்று அந்த நிமிஷமே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைக் கல்லறைச் சுவருக்குள் புதைக்கக்கூடாதாம். சரி, எந்தச் சுவர்? எழுபத்தேழு புயலில் கல்லறையின் மேற்குச் சுவர் மொத்தமாகச் சாய்ந்து, செங்கல்லை ஊர் அள்ளிக்கொண்டு போய், அஸ்திவாரக் கல் மட்டும் தரையோடு தரையாக ஒரு கோடாய்த் தெரிந்தது. ஆடுகள் அந்தக் கோட்டை மதிக்கவில்லை. நாய்களும் மதிக்கவில்லை. பங்குப் பேரவைத் தலைவர் கஸ்பார் மட்டும் மதித்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன்வரை போய்வந்தவர், ‘சொல்தா முசே’, அதாவது பட்டாளத்து ஐயா, என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். குழி வெட்டுகிறவனிடம் கைத்தடியால் காட்டி, “கோட்டுக்கு அந்தப் பக்கம் வெட்டுடா” என்றார். ஏதோ இரண்டு தேசத்து எல்லையைக் காவல் காக்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பிள்ளைக்கு மண் தள்ளி முடிகிறவரைக்கும் கோட்டுக்கு உள்ளேயே நின்றார்.

அதற்குப் பிறகு தைரியநாதன் கோயில் வாசலை மிதிக்கவில்லை. அவனுக்குக் கடவுளோடு ஒரு தகராறும் இல்லை. அவனோடு படித்தவர்களில் பாதிப் பேர் இப்போது கோயில் பக்கம் போவதில்லை, அவர்களில் ஒருவன்கூடக் கடவுளோடு சண்டை போட்டு வெளியேறவில்லை. ஒருத்தனின் அக்காள் தலத்தெரு இந்துப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று, அம்மா சாவுக்குப் பூசை வைத்தபோது அவளை வாசலிலேயே நிறுத்தினார்கள். இன்னொருத்தன் வரிசை மாறி உட்கார்ந்துவிட்டான் என்று, கோயில் எடுபிடி வேலை பார்க்கிற கோயில்பிள்ளை தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினான். யாரும் கதவை அறைந்து சாத்தவில்லை. ஒரு ஞாயிறு உடம்பு சரியில்லை, அடுத்த ஞாயிறு வேலை, அதற்கடுத்த ஞாயிறு எதற்குப் போகவேண்டும் என்ற யோசனை, அவ்வளவுதான்.

அவனுக்குப் புரியாதது மனைவி ரோசாலிதான். பெற்றவள் அவள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பிள்ளையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஞாயிறு தவறாமல் முக்காட்டுத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு முதல் பூசைக்குக் கிளம்பிவிடுவாள். பூசை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய பிறகும் அவள் மட்டும் தாமதமாக வருவாள். கேட்டால், “சாமிகிட்ட தோத்திரம் சொல்லிட்டு வந்தேன்” என்பாள். சாமியாருக்குச் சொல்கிற வணக்கம்தான் தோத்திரம். கல்லறைத் திருநாளுக்கு அவன் சைக்கிளோடு ரோட்டில் நிற்க, அவள் உள்ளே போய் மாமனார் மாமியார் கல்லறையில் மெழுகுவத்தி கொளுத்திவிட்டுத் தலையைக் குனிந்தபடி திரும்பிவிடுவாள். மேற்குப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பமாட்டாள். இப்படியும் ஒரு தாய் மறப்பாளா என்று அவனுக்கு இருக்கும். பிடிக்காத சாமியார், பிடிக்காத சொல்தா என்று அவன் வைத்திருந்த வரிசையின் கடைசியில், அவனுக்கே தெரியாமல், அவளுக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டிருந்தது. அவள் வைக்கிற மீன்குழம்பை ருசித்துச் சாப்பிடுவான். அவள் தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுவான். ஆனாலும் அந்த இடம் அப்படியே இருந்தது.

பிள்ளை போன ஆறாம் வருஷம் உலகம் முழுக்க இளைஞர் ஆண்டு என்றார்கள். பெரிய சாமியார் மாறிப்போய், தாடி வைத்த சின்ன வயசுச் சாமியார் வந்திருந்தார். மோட்டார் சைக்கிள் ஓட்டினார், கிதார் வாசித்தார். இளைஞர்கள் ஏன் விலகிப்போகிறார்கள் என்று பள்ளிக்கூட மண்டபத்தில் மசால்வடை, டீயோடு ஒரு கருத்தரங்கு வேறு நடத்தினார். வந்திருந்த இளைஞர்களில் முக்கால்வாசிப் பேர் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிறவர்கள்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, ரோசாலி மூச்சு வாங்க வந்து, “சட்டையப் போடுங்க. சாமியும் சொல்தா முசேயும் நம்ம வீட்டுக்கு வர்றாங்க” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் கோவில்பத்துத் தெருவே எட்டிப்பார்க்க மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த கஸ்பார், கைத்தடியைத் துப்பாக்கிபோல் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினார்.

“வீடு தேடி வந்துட்டோம் பாத்தியா தைரியம்! நீ வர்லன்னா கோயிலு உன்னத் தேடி வரும்.”

“வாங்க முசே. உக்காருங்க சாமி.”

சாமியார் சிரித்த முகமாகத்தான் இருந்தார். “உங்கள மாதிரி படிச்ச பையன்கள்லாம் ஏன் ஒதுங்கிப் போறீங்க? மனசுல இருக்கறதச் சொல்லுங்க, கேட்டுக்கறேன்.”

அவன் வாயைத் திறப்பதற்குள் கஸ்பார் பதில் சொல்லிவிட்டார். “நான் சொல்றேன் சாமி. எல்லாம் சினிமா. இப்ப வீடியோ டெக் வேற வந்திருச்சு. ராத்திரி பூரா நாலு படம் பாத்தா காலைல எவன் எந்திரிச்சு பூசைக்கு வருவான்? அப்புறம் கட்சிக்காரனுவ பேச்சு. பெத்தவங்க கண்டிப்பு இல்ல.”

“உங்க மவனுங்க ரெண்டு பேரும் பாரீசுல ஞாயித்துக்கெழமை பூசைக்குப் போறாங்களா முசே?” என்று தைரியநாதன் பணிவாகக் கேட்டான்.

கஸ்பார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அங்கல்லாம் குளுரு ஜாஸ்தி தம்பி.”

சாமியார் தாடிக்குள் சிரித்துவிட்டு வந்த விஷயத்துக்குப் போனார். கல்லறையின் மேற்குச் சுவரைத் திரும்பக் கட்டப்போகிறார்கள். பொதுப்பணித்துறை ஓவர்சியர் ஒருவர் பங்கிலேயே இருக்கும்போது வெளியாளை எதற்குத் தேடவேண்டும்? படம் போட்டுக் கொடுத்து, வேலையைக் கொஞ்சம் மேற்பார்த்தால் போதும். “அப்புடியே கோயிலுக்குள்ள வர்றதுக்கும் ஒரு வழியா இருக்கும்ல?”

தைரியநாதன் எழுந்தான். உள்ளே போய் ஒரு பெரிய தாளும் பென்சிலும் எடுத்துவந்து மேஜையில் விரித்தான். கல்லறையை, வாசலை, நடுச்சிலுவையை, பழைய அஸ்திவாரக் கோட்டை அளவு பார்க்காமலே வரைந்தான். கை வரைந்துகொண்டிருக்கும்போதே மனசுக்குள் ஒரு சந்தோஷம் ஊறியது. நல்ல சந்தோஷம் இல்லை. இவர்களிடம் அவன் எதையும் கேட்கப்போவதில்லை. கெஞ்சப்போவதில்லை. புதுச் சுவரை நாலடி வெளியே தள்ளிப் போட்டுவிடுவான், அவ்வளவுதான். பிள்ளை உள்ளே வந்துவிடும். இந்தச் சொல்தா தன் கையாலேயே அதற்கு முதல் கல் எடுத்து வைப்பார், எதற்கு என்று தெரியாமலே. ஆயுசுக்கும் நினைத்து நினைத்துச் சிரிக்கலாம்.

“பழைய அஸ்திவாரம் உப்பு அரிச்சுக் கெடக்கு சாமி. அதும்மேல ஏத்துனா அடுத்த புயலுக்கு நிக்காது. கொஞ்சம் வெளில தள்ளித்தான் போடணும்.”

“அதெல்லாம் நிக்கும்” என்றார் கஸ்பார். “பிரெஞ்சுக்காரன் காலத்துக் கல்லு. எதுக்குய்யா அனாவசியமா தள்ளிக்கிட்டு? அந்தப் பக்கம் வெறும் காட்டாமணக்கு. என்னா இருக்கு அங்க?”

தைரியநாதன் அவர் முகத்தைப் பார்த்தான். நடிக்கிறாரா என்று பார்த்தான். இல்லை. நிஜமாகவே மறந்துபோயிருந்தார். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் தெளிவாக, நிம்மதியாக இருந்தன.

சாமியாரும் நிமிர்ந்தார். “ஏன் சார், அந்தப் பக்கம் ஏதாச்சும் இருக்கா?”

இப்போது உண்மையைச் சொன்னால் திட்டம் கெட்டுவிடும். கேட்டவன் ஆகிவிடுவான். இவர் ஆண்டகைக்கு எழுதிப்போடுகிறேன் என்பார், சொல்தா பேரவையைக் கூட்டுகிறேன் என்பார், அவர்கள் முடிவு சொல்கிறவரை கையேந்தி நிற்கவேண்டியிருக்கும். அவன் பென்சிலைத் தாளில் வைத்து உருட்டினான்.

“ஒண்ணுமில்ல சாமி” என்றான்.

அடுக்களை வாசலில் பாத்திரம் இடிபடும் சத்தம் கேட்டது. ரோசாலி காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. தட்டில் காபி சிந்தி, டம்ளர்கள் அதில் நின்றன. அவள் சாமியாரைப் பார்க்கவில்லை, சொல்தாவையும் பார்க்கவில்லை. தன்னைத்தான் பார்க்கிறாள் என்று தைரியநாதனுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. அவளுடைய முகத்தில் இருந்ததை அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருஷமாக அவன் கண்ணாடியில் பார்த்துவந்ததுதான். இன்றைக்கு அது அவனை நோக்கித் திரும்பியிருந்தது.

“ஒண்ணுமில்லயா?” என்றாள்.

“ரோசாலி, நீ உள்ள போ. நான் பாத்துக்கறேன்.”

“நீங்க பாத்துக்கிட்டது போதும்.” தட்டைக் கொண்டுவந்து மேஜையின் ஓரத்தில் வைத்தாள். “எம் புள்ள இருக்கான் சாமி அந்தப் பக்கம். ஆஸியாக்கா தண்ணி ஊத்துறப்ப எங்கிட்ட பேரு கேட்டாங்க. மிக்கேலுன்னு நான்தான் சொன்னேன்.”

மிக்கேல், தைரியநாதனுடைய செத்துப்போன அப்பாவின் பெயர். தன் பிள்ளை ஒரு பெயரோடு போயிருக்கிறான் என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது. அவன் கேட்டதும் இல்லை.

கஸ்பார் எதையோ சொல்ல வாயெடுத்தார். சாமியார் அவருடைய முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

“ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு உங்க அறை வாசல்ல வந்து நிப்பேன்ல சாமி? முன்ன இருந்த சாமி காலத்துலேர்ந்து அப்புடித்தான். கேட்டுப்புடணும்னுதான் வருவேன். தோத்திரம் மட்டுந்தான் வாயில வரும், திரும்பிருவேன்.”

அவள் குனிந்து, தாளில் அவன் வரைந்திருந்த கோட்டைக் கண்ணால் தேடினாள். அதைத் தாண்டி, வெறுமையாக விட்டிருந்த வெள்ளையில், காபி ஈரம் பட்ட விரலை ஓரிடத்தில் ஊன்றினாள். சரியான இடம். அவன் அவளை ஒருநாளும் அங்கே கூட்டிப்போனதில்லை. ஈரம் விரலைச் சுற்றித் தாளில் மெல்லப் பரவியது.

“செவுத்த இதுக்கு அந்தாண்ட கட்டுங்க சாமி” என்றாள். “மிக்கேல உள்ள சேத்துக்குங்க.”