மிதுனாவின் காவல்

பள்ளிக்கூட வான் வந்து ஹோர்ன் அடிக்கிற நேரம் பார்த்து மிதுனாவுக்கு வயிற்றுக்குத்துத் தொடங்கிவிடும். வான் போன பிறகு மெல்லக் குறையும். தாய் அனுஷியாவும் தகப்பன் தனஞ்சயனும் முதலில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தார்கள். பிறகு ஸ்கான் எடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை. ஒருநாள் தனஞ்சயன் பொறுமை இழந்து சோம்பேறி என்று ஏசினான். மறுநாள் புது ஃபோன் வாங்கித் தருவதாக ஆசை காட்டினான். எதுவும் சரிவரவில்லை. தரம் ஒன்பதில் கெட்டிக்காரப் பிள்ளை, பள்ளித் தவணை ஒன்று முழுக்க வெள்ளவத்தை ஃபிளாட்டின் ஹோலில், தகப்பன் வீட்டிலிருந்தபடி இன்சூரன்ஸ் வேலை பார்க்கிற மேசைக்கு எதிரே, சோபாவில் கிடந்தாள்.

பிள்ளைகளின் மனநலத்துக்கென்றே படித்த ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார், இமெல்டா என்று பெயர், ஒருக்கால் காட்டிப் பாருங்கள் என்றார் வழமையாகப் பார்க்கும் மருத்துவர். தனஞ்சயனின் முகம் கறுத்தது. என்றாலும் கொட்டாஞ்சேனை என்றது ஓர் ஆறுதல். வெள்ளவத்தையென்றால் படியேறும்போதே சொந்தக்காரர் யாராவது எதிர்ப்படுவார்கள்.

இமெல்டாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். அறையில் பெரிய மேசை எதுவும் இல்லை. நடுவில் ஒரு கரம் போர்ட் இருந்தது.

"நாங்கள் வெளியில இருக்கிறம், மிஸ். நீங்கள் பிள்ளையோட கதையுங்கோ" என்றான் தனஞ்சயன்.

"நீங்களும் இருங்க. வயித்துக்குத்து மிதுனாவுக்குத்தான். ஆனா வீடு மூணு பேருக்கும் சொந்தம்தானே."

அன்று அவர் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிதுனாவோடு கரம் விளையாடினார். அடுத்த கிழமையும் அதுதான். இதற்கா பாமன்கடைச் சந்தியின் நெரிசலில் நின்று, கொழும்பைக் குறுக்கே கடந்து வந்தோம் என்று தனஞ்சயனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஒன்றை அவனால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. மிதுனா பேசாமல் இருக்கிற நேரங்களில் இந்தப் பெண் அவசரப்படவே இல்லை. வீட்டில் அந்த மௌனத்தைக் கண்டால் அவனும் அனுஷியாவும் மாறி மாறிக் கேள்வி கேட்பார்கள். இமெல்டாவோ அந்த மௌனமும் பிள்ளையின் பேச்சுத்தான் என்பதுபோல மரியாதையோடு காத்திருந்தார்.

மூன்றாம் முறை போயிருந்தபோது, விளையாட்டின் நடுவில் தனஞ்சயன் இருமினான். மிதுனாவின் விரல் அப்படியே நின்றது. திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை இருமினான். மறுபடியும் பார்த்தாள்.

இமெல்டா கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "அப்பா இருமினா விளையாட்டை நிப்பாட்டுறீங்க. ஏன் மிதுனா?"

அனுஷியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கொஞ்சம் பொறுங்கள் என்று இமெல்டா கையால் காட்டினார்.

மிதுனா குனிந்தபடி சொன்னாள். "மூச்சு விடுறாரோ எண்டு பாக்கிறனான்."

பிறகு அவளாகவே சொல்லத் தொடங்கினாள்.

வயிற்றுக்குத்துத் தொடங்குவதற்குச் சில கிழமைகளுக்கு முன், ஒரு ஞாயிறு காலை, அனுஷியா சந்தைக்குப் போயிருந்த நேரம், தனஞ்சயன் வொஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் விழுந்தான். வீட்டில் மிதுனா மட்டும்தான். அவள்தான் அம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அன்று பின்னேரமே அவளை ஹெந்தளையில் மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது, அப்பாவுக்கு வெறும் வாய்வு என்றார்கள். அவள் குளிசைகளின் பெயரை ஃபோனில் தேடி, அவை இதயத்துக்கான மருந்துகள் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்டைக்கு நான் நிண்டபடியாத்தான் அப்பா தப்பினவர். அம்மா வேலைக்குப் போயிடுவா. நானும் பள்ளிக்கூடம் போனா ஆர் பாக்கிறது? நீங்கள் ரெண்டு பேரும் உண்மை சொல்லமாட்டீங்கள்."

தனஞ்சயனுக்குத் தலை நிமிரவில்லை. சோம்பேறி என்று அவன் ஏசிய பிள்ளை, வயிற்றுக்குத்தையும் ஏச்சையும் தாங்கிக்கொண்டு, இத்தனை நாளும் அவனுக்குக் காவல் இருந்திருக்கிறாள். அனுஷியா சத்தமில்லாமல் அழுதாள்.

இமெல்டா யாரையும் குற்றம் சொல்லவில்லை. "மகள் பயப்படக் கூடாதெண்டு மறைச்சிருக்கீங்க. அது அன்புதான். ஆனா இப்ப அவவுக்கு உண்மை வேணும். இங்கயே சொல்லுங்க, நான் பக்கத்தில இருக்கிறன்."

அவன் சொன்னான். ஹார்ட் அட்டாக் என்ற சொல்லை மகளின் முன்னால் முதன்முதலாகச் சொன்னான். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்ததையும் சொன்னான்.

"திரும்ப வருமா அப்பா?"

வராது என்று சொல்லத்தான் வாய் உன்னியது. இமெல்டாவைப் பார்த்தான். அவர் உதவிக்கு வரவில்லை. உங்களால் முடியும் என்பதுபோல அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வராதெண்டு சத்தியம் பண்ண ஏலாது, பிள்ளை. ஆனா இப்ப நல்லா இருக்கெண்டுதான் டொக்டர் சொன்னவர். குளிசையை ஒழுங்காப் போடுறன். இனி என்ன நடந்தாலும் உனக்கு மறைக்கமாட்டன்."

மிதுனா எழுந்து வந்து அவன் பக்கத்தில் இருந்தாள்.

அதன் பிறகு எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. முதலில் பள்ளிக்கூட வாசல் வரை, பிறகு ஒரு பாடம், பிறகு அரை நாள் என்று இமெல்டா திட்டம் போட்டார். ஒருமுறை வாசலிலேயே வாந்தியெடுத்து மிதுனா திரும்பி வந்தாள். தனஞ்சயன் சோர்ந்துபோய் ஃபோன் எடுத்தபோது, "வாசலுக்குப் போயிருக்கிறாதானே, நாளைக்கும் போகட்டும்" என்றார் இமெல்டா. வகுப்பாசிரியையோடு தானே கதைத்து, இன்டர்வல் நேரம் மிதுனா வீட்டுக்கு ஒரு கோல் எடுக்க ஒழுங்கு செய்தார். எதிர்வீட்டு ஆன்ட்டி இடையில் எட்டிப் பார்ப்பார் என்று அனுஷியாவும் மகளுக்குச் சொல்லிவைத்தாள்.

அடுத்த தவணை நடுவில் ஒருநாள் இன்டர்வல் நேரம் கோல் வரவில்லை. தனஞ்சயன் ஃபோனைப் பார்த்தபடியே இருந்தான். ஆசிரியைக்கு எடுக்கலாமா என்று யோசித்து, விட்டுவிட்டான். பின்னேரம் மிதுனா சப்பாத்தெல்லாம் புழுதியாக வந்து, நெட்போல் டீமில் தன்னையும் எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே சாப்பாட்டைத் தேடினாள்.

"இண்டைக்கு அப்பாவுக்கு எடுக்கேல்லையே?"

அவள் ஒரு கணம் திகைத்தாள். "ஐயோ, மறந்துபோனன் அப்பா."

"அது பரவாயில்லை" என்று தனஞ்சயன் சோற்றைச் சூடாக்கப் போனான். குசினியில் நின்று, இமெல்டாவுக்கு இந்த நல்ல சேதியை எப்படிச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான்.