அறுபத்தொரு சென்டிமீட்டர்

கடைசிக் கோடு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரவேண்டும். வரவில்லை. காலையிலிருந்து மூன்று முறை பதினொரு கோடுகளையும் அழித்துப் போட்டுவிட்டேன். மூன்று முறையும் கடைசிக் கோடு ஆரம்பப் புள்ளியைத் தாண்டிப் போய் அந்தரத்தில் நின்றது. தாராவியில் ஒரு சந்தின் ஓரத்தில் ஆறு வீடுகள், சுற்றிப் பதினொரு சுவர். ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு எண்கள்: எவ்வளவு நீளம், வடக்கிலிருந்து எத்தனை டிகிரி திரும்பிப் போகிறது. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஆட்டோகேடில் வரிசையாக அடித்தால் கோடுகள் சுற்றி வந்து மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. இந்த அவ்வளவுதான் வேலையில் மத்தியானச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிக் கிடந்தது.

முதலில் மென்பொருளைத்தான் திட்டினேன். சும்மா விட்டால் அது கிழக்கைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு இடப்பக்கமாகச் சுற்றும். அளக்கப் போகிறவனின் காம்பஸோ வடக்கைப் பூஜ்யமாக வைத்து வலப்பக்கமாகச் சுற்றும். அதை மாற்ற மறந்ததில், முதல் முறை சந்தே கண்ணாடியில் பார்த்தது போலப் புரண்டு கிடந்தது. ஒத்துக்கொள்கிறேன், அது என் தப்பு. அதைச் சரிசெய்த பிறகும் இடைவெளி இம்மியும் குறையவில்லை என்றால் நான் யாரைத் திட்டுவது?

செம்பூரில் எங்கள் சர்வே ஆபீஸ் இருக்கிற மாடியில் ஏசி ஒழுகும். அதற்குக் கீழே வைத்த பக்கெட்டைத் தாண்டி என் முதலாளி சுப்ரமணியன் சார் வந்து நின்றார்.

"என்னம்மா பிரேமலதா, இன்னும் மூடலையா? அஞ்சு மணிக்கு கம்பெனிக்காரா வந்து உக்காந்துடுவா. எவ்வளவு இடைவெளி விடறது?"

"அறுபத்தொரு சென்டிமீட்டர் சார்."

"பதினொண்ணுக்குமா பிரிச்சுப் போட்டுடேன். ஆளுக்கு மூணு விரல் வருமா? யாருக்குத் தெரியப்போறது?"

அந்தச் சந்தில்தான் நான் பிறந்து வளர்ந்தேன், இன்னமும் இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். வீட்டுக்காரர்களின் பெயர்களில் பிழை வராது என்றுதான் இந்த வேலையை என்னிடம் தள்ளினார். அவர் போனதும் ஒரு நகலில் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். மூடிக்கொண்டது. ஆனால் எல்லார் சுவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணியது. நடுவில் இருக்கும் நஸீரா அக்காவின் அறை தொண்ணூற்றெட்டு சதுர அடியிலிருந்து தொண்ணூற்றாறு ஆகிவிட்டது. ஒரு தையல் மிஷின், மூன்று பெண்கள், அந்தத் தொண்ணூற்றெட்டுக்குள்தான். படத்தில் எவ்வளவோ அவ்வளவுதான் நாளைக்குப் பழையதை இடித்துவிட்டுக் கம்பெனி கட்டித் தரும் புது வீட்டில் கிடைக்கும் என்று சந்து முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறது. உண்மையா என்று எனக்கும் தெரியாது. தெரியாதபோது இரண்டு சதுர அடியை எப்படி எடுப்பது?

எரிச்சலில் அந்த இடைவெளியையே அளந்து பார்த்தேன். தூரம் 0.61. திசை 93 டிகிரி. ஒரே ஒரு கோட்டின் நீளம் மட்டும் பிசகியிருந்தால், மிஞ்சுகிற இடைவெளி அந்தக் கோட்டின் திசையிலேயே விழும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அரை மீட்டர் அதிகம் நடந்தவன் தான் போன பக்கமாகத்தானே தள்ளி நிற்பான். தொண்ணூற்று மூன்று டிகிரிக்கு நேராகவோ எதிராகவோ போகிற கோடு ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் கோணல். ஏழாவது கோடு. நீளம் 5.22. நோட்டில் அதற்கு நேரே எழுதியிருந்த பெயர் ஆறுமுகத்தாய். என் அம்மா.

அளந்துவந்த மகேஷ்குமார் ஐரோலியில் வேறு வேலையில் இருந்தான். நாலாவது தடவைதான் போனை எடுத்தான்.

"கசம் சே அக்கா, சத்தியமா டேப்புல இருந்ததத்தான் எழுதுனேன். கூட ஆள் வரல. ஒரு நுனிய வீட்டுக்காரங்க கிட்டதான் குடுத்தேன். ஒங்கம்மாதான பிடிச்சாங்க!"

அம்மாவைக் கூப்பிட்டேன்.

"டேப்பு நுனிய எங்கம்மா வச்சுப் பிடிச்ச?"

"எங்க வைக்க? வாசப்படி ஓரத்துலதான்."

"செவத்துலல்லா வைக்கணும்!"

"ஏட்டி, படி என்ன அடுத்த வீட்டுக்காரிதா? ஒங்கப்பா சிமெண்டு கொழச்சுப் பூசுனது. எல்லாரும் கூட்டிச் சொல்லுதாளுவ, நீ ஒருத்தி ஆபீசுல உக்காந்துக்கிட்டு ஒன் வீட்டையே கொறைக்கப் பாக்கியோ?"

போனை வைத்துவிட்டாள். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அந்தப் படி இரண்டடி அகலம், நான் அளக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடப் பாடமெல்லாம் அதில் குப்புறப் படுத்துத்தான் எழுதினேன். இரண்டடி என்றால் அறுபத்தொரு சென்டிமீட்டர். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அம்மா மேல், மகேஷ் மேல், மூன்று விரல் என்று விரலைக் காட்டிவிட்டுப் போனவர் மேல். சாரின் வழியில் போனால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு தின்னலாம். அம்மாவுக்கு அந்தப் படியில் பெரும்பங்கு தங்கிவிடும். யாருக்கும் தெரியவும் போவதில்லை.

ஏழாவது கோட்டை அழித்து 4.61 என்று அடித்தேன். கடைசிக் கோடு வந்து முதல் புள்ளியில் ஒட்டிக்கொண்டது. "எப்படி மூடித்து?" என்று சார் கேட்டார். ஒரு அளவு தப்பு என்றேன். யாருடையது என்று அவர் கேட்கவில்லை.

ஆறரை மணிக்கு நான் சந்துக்குள் நுழைந்தபோது அம்மா படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.

"நம்ம வீடு எவ்வளவு வந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் நஸீரா அக்கா தலையில் துணி மூட்டையோடு வந்தாள். நாலடிச் சந்தில் எங்கள் படி போக மிச்சம் இருப்பது இரண்டடி. தினமும் செய்வதுபோல, பார்க்காமலேயே அம்மா காலை மடக்கிப் படிமேல் வைத்துக்கொண்டாள். நானும் மடக்கிக்கொண்டேன். அக்கா ஒருக்களித்து, சேலை எங்கள் முழங்காலை உரச, மெதுவாகக் கடந்து போனாள்.

அம்மா கீரையைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.