பதினோரு அடி

கம்பெனி போட்ட முதல் துளை நாற்பதாவது அடியைத் தொட்டபோது, அங்கே இருந்த செம்பு பதினோரு அடி வடக்கே நகர்ந்து போனது. கம்பெனி என்றால் அப்போது ஒரு வாடகைத் துளை இயந்திரம், முதலாளி, நிலம் அளக்கத் தெரிந்த அவருடைய மச்சினன், அவ்வளவுதான். தரையில் கம்பி ஊன்றி மின்சாரம் விட்டுப் பார்க்கும் கருவி காலையில் காட்டிய இடத்தில், மாலையில் வெறுங்கல் வந்தது. முதலாளி மச்சினனைத் திட்டித் தீர்த்தார். மறுநாள் பதினோரு அடி தள்ளித் துளைத்தார்கள்; அது இன்னும் பதினோரு அடி தள்ளிப் போயிருந்தது. முந்திக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே வடக்கில் துளைத்த அன்று தெற்கே போனது.

இதனாலேயே கம்பெனி வளர்ந்தது. மற்றவர்கள் 'இருக்கலாம்' என்று இழுத்துக்கொண்டிருக்க, பதினோரு அடி தள்ளி இருக்கிறது என்று சத்தியம் செய்தது இது ஒன்றுதான்; பணம் போடுகிறவர்கள் அதை நம்பி வந்தார்கள். ஓர் இயந்திரம் நான்காகி, நான்கு பத்தொன்பதாகி, ஆறு மாடிக் கட்டடம் எழும்பி, முன்னூறு ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். துளையிலிருந்து எடுத்த கல்லுருளைகளை அடுக்கிய மரப்பெட்டிகள் கிடங்கில் அடங்காமல் முதலாளி வீட்டுக் கட்டிலுக்கடியிலும் நுழைந்தன. பாராட்ட வந்தவர்கள்மேல் முதலாளி எரிந்து விழுந்தார். கட்டடமா கேட்டார் அவர்? அந்தச் செம்பை ஒரே ஒரு தடவை கையால் தொட வேண்டும். இருபத்தாறு வருடம் கழித்து, வெறுத்துப்போய், எல்லாவற்றையும் மச்சினனிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்.

மூன்றாவது வாரம் சமையலறைத் தரை வெதுவெதுப்பானது. முதலாளி பழைய கருவியைத் தூசி தட்டி வைத்துப் பார்த்தார். அடுப்புக்கு நேர் கீழே, நான்கே அடி ஆழத்தில் செம்பு கிடந்தது. கடப்பாரையோடு அவர் வந்தபோது, மனைவி அங்கேயே நாற்காலி போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"தொட்டுப் பார்த்துட்டு மூடிடறேன்."

"இடிச்சா போயிடும்னு உங்களுக்கே தெரியும். கூடாரத்துலயும் பெட்டிங்களுக்கு நடுவுலயும் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியாச்சு. இந்தச் சமையலறையாவது முழுசா இருக்கட்டும். அதுவா வந்து உக்காந்திருக்கு, சும்மா விடுங்க."

அவர் கேட்கவில்லை. கடப்பாரை நுனி தரையில் பட்டதும் வெதுவெதுப்பு வாசற்பக்கம் நகர்ந்தது. எடுத்தார், திரும்பி வந்தது. மறுபடி வைத்தார்; மறுபடி நகர்ந்தது. கடப்பாரையைத் தோட்டத்தில் வீசிவிட்டு வந்து, தரையில் உட்கார்ந்து ஆத்திரத்தில் அழுதார். மனைவி வெங்காயத்தை உரித்து முடித்தார்.

சாயங்காலம் மச்சினன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மாமா, கருவியில எங்கயுமே காட்டலை. எங்க போச்சுன்னு ஏதாவது தோணுதா?"

முதலாளி வெறுங்காலைத் தரையில் அழுத்திப் பார்த்தார்.

"பதினோரு அடி தள்ளிப் போடு" என்று எரிச்சலோடு சொல்லி, தொலைபேசியை வைத்துவிட்டார்.

பத்தொன்பது இயந்திரங்களும் இன்றும் தள்ளித் தள்ளித் துளைத்துக்கொண்டிருக்கின்றன. முதலாளி வீட்டுச் சமையலறையில் தரையில் இறக்கி வைத்த பாத்திரம் எதுவும் ஆறுவதில்லை.