மூன்றாம் ஓலைக்குள் மூன்று ஆட்டம்

முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடியும் நேரம், பங்குச்சாமியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தைரியநாதன் மகன் டோனிக்கும் மரிய அனிதாவுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று அறிவித்தார். இதே ஓலையை இன்னும் இரண்டு ஞாயிறு வாசிப்பார்கள். அப்புறம் கல்யாணம்தான். கோயிலில் இருந்த அத்தனை பேரும் கழுத்தைத் திருப்பி அனிதாவைப் பார்த்தார்கள். அனிதாவுக்குத் தடை ஒன்று தெரியும். கல்யாணப் பெண்ணே எழுந்து போய்ச் சொன்னால் நன்றாகவா இருக்கும்?

விஷயம் இதுதான். குடித்தனம் எங்கே? அனிதா பள்ளத்தூரில் கணக்கு டீச்சர். வேலை நிரந்தரமான ஆர்டரில் இன்னும் மை காயவில்லை. டோனி கப்பல் கம்பெனிக்காரன். சிங்கப்பூர் ஆபீசுக்கு வா என்று கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. "மருமக சிங்கப்பூர் போறா" என்று தைரியநாதன் காரைக்குடி முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். அனிதாவுக்குச் சிங்கப்பூர் மேல் எந்தக் கோபமும் கிடையாது. தொண்டை கிழியக் கத்தி வழிக்குக் கொண்டுவந்த ஆறாம் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு, அங்கே ஏதோ ஒரு மாடியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார அவளால் முடியாது. இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் போகிறாள். டோனியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்து தொலைக்கிறது. சிரித்துக்கொண்டே எப்படிச் சண்டை போடுவது?

அன்றைக்குக் கோயில் வாசலிலேயே மடக்கிவிட்டாள்.

"ஒரு ஆட்டம் செஸ் ஆடுவோம். ஜெயிச்சவுக சொல்ற ஊருல குடித்தனம். சரியா?"

"அடேங்கப்பா! ஜில்லாவுல முதப் பரிசு வாங்குனவ நீ. உங்கூட செஸ் ஆடுறதுக்குப் பதிலா நான் இப்பவே பள்ளத்தூர்ல வீடு பாத்துருவேன்" என்றான் டோனி. "போக்கர் ஆடுவோம். கப்பல்ல எல்லாரும் ஆடுறது."

"சீட்டா? ஓலை வாசிச்ச அன்னைக்கே சீட்டாடச் சொல்றீகளே, நல்லா இருக்கீக! அதுல மூளைக்கு என்ன வேலை? வந்த சீட்டுதானே ஜெயிக்குது?"

"செஸ்ல மட்டும் என்ன இருக்கு? எல்லாத்தையும் பலகையில பரப்பி வச்சிட்டு ஆடுறது. எதிராளி கையில என்ன இருக்குன்னு தெரியாம ஆடிப் பாரு, அப்பத் தெரியும்."

பக்கத்தில் நின்ற அனிதாவின் ஞானமணி அத்தை, இரண்டு பேரும் எந்த மண்டபம் பிடிப்பது என்று பேசுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு புன்னகை செய்தாள். அத்தைதான் இவர்களுக்குக் காவல். ஓலை வாசித்தாலும் கல்யாணம் முடியும்வரை இவர்களைத் தனியாக விட வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை.

கடைசியில் இரண்டையுமே ஆடுவது என்று முடிவாயிற்று. அத்தை வீட்டுக் கூடத்தில் செஸ் பலகையை விரித்தார்கள். அனிதா அவனை ஈவு இரக்கமில்லாமல் வெளுத்தாள். அத்தை காப்பி ஆற்றி முடிப்பதற்குள் டோனியின் ராணி போய்விட்டது, ராஜா மூலையில் மாட்டிக்கொண்டு முழித்தது. அவன் முழித்ததும் ஏறக்குறைய அப்படித்தான். அவளுக்கு அடக்க முடியாத சந்தோஷம்.

அடுத்த நாள் போக்கர். காசு வைத்து ஆடினால் அத்தை வீட்டைவிட்டே விரட்டிவிடுவாள் என்பதால் புளியங்கொட்டையை வைத்து ஆடினார்கள். அங்கேதான் கூத்து. டோனி கையில் நல்ல சீட்டு ஒன்றுமில்லாமலே கொட்டையைக் குவியலாகத் தள்ளிப் பயம் காட்டுவான். அனிதா கொஞ்சமும் அசராமல் தானும் அதே அளவு தள்ளுவாள். புளியங்கொட்டைதானே, போனால் போகட்டும்!

"இப்படி ஆடுனா இது போக்கரே இல்ல" என்று தலையில் கை வைத்தான் டோனி. "எதையாவது இழந்துருவோம்னு பயம் இருந்தாத்தான் இதுல ஆட்டமே. பயமில்லாதவகிட்ட என்னத்த டூப்பு விடுறது?"

சரி என்று, உண்மையாகவே வலிக்கிற பொருளை வைத்தார்கள். ஒரு குத்துக் கொட்டைக்கு வருஷம் முழுக்கக் காலைக் காப்பி போடும் வேலை. இன்னொன்றுக்கு மீன் ஆய்வது. பெரிய குவியலுக்குக் கிறிஸ்துமஸ் யார் வீட்டில் என்பது. அவ்வளவுதான், அனிதா கொட்டையை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கிவிட்டாள். டோனி தள்ளத் தள்ள, இவள் நல்ல சீட்டை வைத்துக்கொண்டே பின்வாங்கினாள். காப்பி போயிற்று, மீன் போயிற்று, கிறிஸ்துமஸும் போயிற்று. ஒரே ஒரு சுற்றில்தான் டோனி தன் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு விலகினான்.

"என்ன வச்சிருந்தீக? காட்டுங்க" என்று எட்டிப் பிடிக்கப் போனாள்.

"அதெல்லாம் காட்ட மாட்டோம் தாயி. கவுத்துன சீட்டு கவுத்துனதுதான். ஜெயிக்கிற சீட்டையே கவுத்திருந்தாலும் யாருக்கும் தெரியக் கூடாது."

இது என்ன அநியாயம் என்று அனிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செஸ்ஸில் தோற்றவன் ஏன் தோற்றான் என்று பலகையைப் பார்த்தால் தெரிந்துவிடும். இதில் தோற்றும் காரணம் தெரியாதாம்! ஆனால் தோற்றது தோற்றதுதான். ஆளுக்கு ஒன்று ஆகிவிட்டது.

மூன்றாவது ஆட்டத்தை முஜிபுர் ரகுமான் ஏற்பாடு செய்தான். டோனியோடு படித்தவன், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று வயரால் கோத்து, இந்தத் தொண்ணூற்றொன்பதில் காரைக்குடியே வாயைப் பிளக்கும்படி படை திரட்டிச் சண்டை போடும் கேம் ஒன்றை இறக்கியிருந்தான்.

"டீச்சர், செஸ்ஸு நீங்க யோசிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கும். சீட்டும் காத்துக்கிட்டு இருக்கும். இது யாருக்காகவும் காத்திருக்காது. நீங்க யோசிக்கையில அங்குட்டு அவன் கோட்டை கட்டிருவான். வரைபடம் பூரா இருட்டு, நம்ம ஆளு போன இடம் மட்டும்தான் வெளிச்சம். செஸ்ஸும் சீட்டும் சேர்ந்து ஓட்டப்பந்தயம் ஓடுறது இது. ரெண்டு பேருக்குமே தெரியாத ஆட்டம், அதனால நியாயமான ஆட்டம்."

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு மதியம் ஆட்டம் தொடங்கியது. ஏசி குளிரில் அத்தை மகிழ்ச்சியாக ஜெபமாலை உருட்டினாள். இருவரும் எதிரெதிரே, ஒருவர் திரை மற்றவருக்குத் தெரியாமல் உட்கார்ந்தார்கள்.

அனிதா முதலில் வழக்கம்போல் கன்னத்தில் கைவைத்து யோசித்தாள். யோசித்து முடித்துப் பார்த்தால் அவள் ஆட்களில் ஒருவனை ஓநாய் தின்றுகொண்டிருந்தது. "ஆத்தாடி!" என்று ஒருத்தனை விறகுக்கு விரட்டினாள். அதற்குள் இன்னொருத்தன் வேலையில்லாமல் நின்றான். அவனை அதட்டித் திரும்பினால் இங்கே வயல் காய்ந்து கிடந்தது. திடீரென்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அட, இது என் ஆறாம் வகுப்பு! கரும்பலகையில் எழுதிக்கொண்டே முதுகுப்பக்கம் எவன் எவனைக் கிள்ளுகிறான் என்று கவனிக்கிறவளுக்கு இது என்ன பெரிய காரியம்? அதன் பிறகு அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. வாய்க்குள் பேர் சொல்லித் திட்டிக்கொண்டே சுவர் எழுப்பினாள், வில்லாளிகளைச் சேர்த்தாள், யோசிக்காமல் கிளம்பிவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக யோசிக்காமல்! டோனியின் கோட்டை வாசலில் காவலுக்கு ஆளே இல்லை. கதவு விழுந்தது. கோபுரம் விழுந்தது. எதிர்ப்பக்கம் டோனி, "ஐயையோ, போச்சே!" என்று அலறினான்.

"டீச்சர் ஜெயிச்சுட்டாங்கடோய்!" என்று கூவிய முஜிப், எல்லாருக்கும் டீ வாங்கிவரக் கீழே ஓடினான். போகிற வழியில் கடைக்காரர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே போவது மேலே வரைக்கும் கேட்டது.

அனிதா திரையைப் பார்த்தாள். பள்ளத்தூர்! என் வேலை, என் வகுப்பு, எல்லாம் எனக்கே! தோற்றவனின் கம்ப்யூட்டர் அவனை வெளியே தள்ளிவிட்டு முதல் பக்கத்துக்குப் போய்விட்டிருந்தது. ஜெயித்தவள் திரையில் மட்டும் ஆட்டம் முடிந்ததும் இருட்டு விலகி மொத்த வரைபடமும் வெளிச்சமாயிற்று.

அவளுடைய கோட்டைக்குப் பின்னால், அவள் ஆள் அனுப்பிப் பார்க்காத காட்டுக்குள், டோனியின் குதிரைப்படை நின்றது. கொஞ்சநஞ்சமல்ல, காடு கொள்ளாத குதிரை. அவள் சுவர் எழுப்பாத பக்கம். ஒரு சொடுக்கில் அவளைத் தரைமட்டம் ஆக்கியிருக்கலாம். அத்தனையும் ஆட்டம் முழுக்கச் சும்மா நின்றிருக்கின்றன.

அவளுக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது.

"இங்குட்டு வாங்க" என்றாள். அவன் வந்தான், பார்த்தான், காது சிவந்தது.

"ஆட்டம் முடிஞ்சா இதெல்லாம் வெளிச்சமாத் தெரியுமா?" என்றான் பரிதாபமாக. "முஜிப் சொல்லவே இல்லையே."

"விட்டுக் குடுத்தீகளா எனக்கு? ஜில்லாவுல முதப் பரிசு வாங்குனவளுக்கா பிச்சை போடுறீக? இது செல்லாது. திரும்ப ஆடணும்."

"மெதுவா, அத்தை இருக்காக." அவன் குரல் இறங்கிவிட்டது. "திரும்ப ஆடுனா நான் ஜெயிச்சாலும் ஜெயிச்சிருவேன் அனிதா. அப்புறம் சிங்கப்பூர் போகணும். எனக்குப் போகப் பிடிக்கல. கப்பல்ல கிடந்தது போதும், இந்த ஊர்ல உங்கூட இருக்கணும். அதை நானாச் சொன்னா அப்பா மனசு ஒடைஞ்சிரும், ஊரு பூரா சொல்லி வச்சிருக்காரு. பந்தயத்துல தோத்துட்டேன்னா ரெண்டு நாள் திட்டுவாரு, அப்புறம் சிரிச்சிட்டு விட்டுருவாரு."

அனிதாவுக்குக் கோபமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. எதிராளியைத் தோற்கடிக்காமல் ஜெயிப்பது அவளுக்கு அவமானம். ஆனால் இந்த மனுஷன், இந்தக் குதிரைகளையெல்லாம் பிடித்துக் கட்டி வைத்துக்கொண்டு, ஐயையோ போச்சே என்று அலறியிருக்கிறானே!

மாடிப்படியில் காலடிச் சத்தம். முஜிபோடு பாதித் தெருவே ஏறி வந்துகொண்டிருந்தது. அவன் கண்ணில் இந்தக் காடு பட்டால் சாயங்காலத்துக்குள் தைரியநாதன் காதுக்குப் போய்விடும். யோசிக்க நேரமில்லை. அனிதா சுவரில் இருந்த சுவிட்சைப் பட்டென்று அணைத்தாள். காடும் குதிரையும் கோட்டையும் ஒன்றாகக் காணாமல் போயின.

"என்ன டீச்சர், அணைஞ்சு கிடக்கு?" என்றான் முஜிப்.

"கை பட்டுருச்சு" என்றாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பொய்க்கு ஒன்பது கேள்வி கேட்கிறவள், கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"யாருடி ஜெயிச்சது?" என்று அத்தை ஜெபமாலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நான்தான். உங்க மாப்பிள்ளையத் தூள் தூளாக்கிட்டேன்."

கூட்டம் ஹோவென்று கத்தியது. முஜிப் டோனியின் தோளைத் தட்டி, "சிங்கப்பூர் போச்சேடா பங்காளி" என்றான். டோனி தலையைத் தொங்கப்போட்டு, உலகமே இடிந்துவிட்டதைப் போன்ற ஒரு பெருமூச்சு விட்டான். பாவி, எவ்வளவு நன்றாக விட்டான்! அனிதா டீக் கிளாஸை வாங்கி வாய்க்கு நேராகப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். செஸ்தான் பெரிது என்ற தன் கட்சியை அவள் அந்த நிமிஷமே கைவிட்டாள். சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருப்பதைவிடக் கஷ்டமான ஆட்டம் ஒன்று இருக்கவே முடியாது.